கதவைத் திறந்து மூட ஒரு சின்ன மோட்டார்: நாலு டிரான்சிஸ்டரா, ஐசியா, ரிலேயா?

காரைக்குடிப் பக்கம் அறிவியல் கண்காட்சிக்குச் செட்டிநாட்டு வீட்டு மாதிரி செய்யும் பிள்ளைகளுக்கு முகப்புக் கதவு தானாகத் திறந்து மூட வேண்டும். பர்மா தேக்கை இந்த மோட்டார் அசைக்காது. தெர்மாகோல் கதவுக்குத் தாராளம். "அண்ணே, திறக்குது, மூட மாட்டேங்குது, டிரான்சிஸ்டர் கொதிக்குது" என்று வந்தால், பெரும்பாலும் அது நாலு டிரான்சிஸ்டர் எச்-பிரிட்ஜ்தான், அதாவது மோட்டாரை இரு பக்கமும் சுழல வைக்கும் சுற்று.

கொதிப்புக்குக் காரணம் எளிது. மோட்டாருக்கு 6 வோல்ட், கட்டளை தரும் ஆர்டுயினோ போர்டின் பின்னில் 5 வோல்ட். மேலே, பிளஸ் பக்கம் இருப்பது பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்: கட்டளை வாங்கும் கால் (பேஸ்), மின்சாரம் நுழையும் காலை (எமிட்டர்) விடத் தாழ்ந்தால் திறக்கும், அதாவது மின்சாரத்தைப் பாய விடும். அதன் எமிட்டர் 6 வோல்ட்டில் நிற்கிறது. பேஸுக்கு 5 வோல்ட் கொடுத்தாலும் இடையில் 1 வோல்ட் மிச்சம். 0.7 போதும் அது திறக்க. ஆகவே அது அணைவதே இல்லை. அதே பக்கத்துக் கீழ் டிரான்சிஸ்டரும் திறந்தால் பேட்டரி நேராக ஷார்ட். மோட்டாரைக் கழற்றிய பிறகும் சூடேறினால் இதுதான் நோய். பிஎன்பியின் பேஸை ஒரு சின்ன என்பிஎன் (பேஸ் உயர்ந்தால் திறக்கும் எதிர் வகை) வழியாகக் கீழே இழுத்து, பேஸுக்கும் 6 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் போட்டால் சரியாகும். மேலேயும் என்பிஎன் போட்டால் ஷார்ட் தொல்லை குறையும், ஆனால் 5 வோல்ட் பேஸுக்கு மோட்டார் பக்கம் 4.3 தாண்டாது. பலரும் போடும் சின்ன என்பிஎன் பிசி547 தாங்குவதோ 100 மில்லி ஆம்பியர். பொம்மை மோட்டார் கிளம்பும்போதே அதைவிடப் பல மடங்கு கேட்கும். கால்களையும் பாருங்கள்: பிசி547-உம் இன்னொரு சின்ன என்பிஎன்னான 2என்3904-உம் கலெக்டர் (மூன்றாவது கால்), எமிட்டர் இடம் மாறியவை.

அடுத்தது ஐசி. எச்-பிரிட்ஜை உள்ளே வைத்திருக்கும் எல்293டி 600 மில்லி ஆம்பியர் தரும், மோட்டார் திருப்பி உதைக்கும் வோல்ட்டிலிருந்து காக்கும் டையோடும் உள்ளேயே உண்டு. ஆனால் சுமார் 2.5 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 6 வோல்ட் பேட்டரி, 3 வோல்ட் மோட்டார் என்றால் அது குறையே இல்லை. ரெண்டு செல்லில் ஓட்ட வேண்டுமா, டிஆர்வி8833 என்ற ஐசி வாங்குங்கள், 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், 10.8-ஐத் தாண்டக் கூடாது.

கதவுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு ரெண்டு ரிலேக்குத்தான், அதாவது காயிலில் மின்சாரம் பாய்ந்தால் மாறும் சுவிட்ச். மோட்டாரின் இரு முனையும் ரெண்டு ரிலேயின் காமனுக்கு (நடுத் தொடர்புக்கு), ரிலேக்கு ஒன்று. என்ஓ (ரிலே இயங்கினால் மட்டும் காமனோடு சேர்வது) பிளஸ், என்சி (சும்மா இருக்கும்போது சேர்ந்திருப்பது) மைனஸ். எந்தக் கோளாறான கட்டளைக்கும் ஷார்ட் ஆகாது, ரெண்டும் ஒரே நிலையில் இருந்தால் மோட்டார் பிரேக் பிடித்து நிற்கும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு மறக்க வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் இது ஆகாது, 'டக் டக்' சத்தமும் வரும்.

அப்புறம், எதைப் போட்டாலும் கதவு முட்டி நின்றதும் மின்சாரம் நிற்க இரு முனையிலும் லிமிட் சுவிட்ச் (கதவு தொட்டதும் மாறும் சுவிட்ச்) வையுங்கள். முட்டிய மோட்டார் இழுக்கும் கரண்ட்தான் எல்லாவற்றையும் கருக்குவது.