காரையாறு பெட்டிக்கடை: டீ சுமார், தராசு சுத்தம்

டீயை முதலில் சொல்லிவிடுகிறேன். பாயசம் மாதிரி இருக்கும். சீனியைக் குறைத்துப் போடச் சொல்லி நாலு தடவை சொல்லியாச்சு. அஞ்சாவது தடவையும் அதே பாயசம்தான். டீக்காக மட்டும் என்றால் நெல்லைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற பாபநாசத்திலேயே குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாசம் ஒருக்கா சொரிமுத்தையனாரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே காரையாறு வரை ஏறி, இந்தக் கடையில் மிளகும் தேனும் வாங்கி வருவேன். தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு, போர்டு கிடையாது. கடைக்காரர் தன் பேரைப் போட வேண்டாம் என்றுவிட்டார்.

சரக்கு கொண்டுவருவது காணிக்காரர்கள், இந்த மலையில் இருக்கிற பழங்குடி மக்கள். சின்ன மைலாறு, பெரிய மைலாறு ஆட்களுக்கு அவ்வளவு பாடில்லை. இஞ்சிக்குழி ஆட்கள் 143 அடி காரையாறு அணைக்கும் மேலே, காட்டுக்குள் இருக்கிறவர்கள். அங்கிருந்து சுமந்து வந்ததை, விலை படியவில்லை என்று திருப்பித் தூக்கிக்கொண்டு போக யாரால் முடியும்? கேட்ட விலைக்குப் போட்டுவிட்டுத்தான் போகணும். எடையிலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மனுஷன் எலெக்ட்ரானிக் தராசை, எண் தெரிகிற பக்கம் வெளியே இருக்கும்படி திருப்பி வைத்திருக்கிறார். போன மாசியில் ஒரு ஆச்சி மிளகு கொண்டுவந்தாள். முதலில் வெறும் தட்டைக் காட்டினார், சைபர். அப்புறம் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மிளகு. ஆச்சி குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, "நாலு அறுநூறு" என்று தானே வாய்விட்டுச் சொன்னாள். அவள் சொன்னதைத்தான் இவர் நோட்டில் எழுதினார். பக்கத்தில் ஒரு சிலேட்டு: அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், அன்றைக்கு மிளகு என்ன விலை, அதில் கிலோவுக்கு இவருக்கு எவ்வளவு. தன் லாபத்தை எழுதித் தொங்கவிட்ட கடை வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

இன்னொன்று. பச்சை மிளகு மூணு கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். கைமுடைக்குப் பச்சையாகவே தள்ளிவிட்டால், காயவைத்து விற்கிற லாபமெல்லாம் வாங்கினவனுக்கு. இவர் அரிசியும் தார்ப்பாயும் முன்கூட்டியே கொடுத்து, "காயவச்சே கொண்டாங்க" என்று அனுப்புகிறார். வட்டி கிடையாது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கியெடுத்துக் காயப்போட்டால் சீக்கிரம் காயும், நிறமும் ஒரே கறுப்பாக வரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதிக்கொண்டே இருப்பார். வீட்டில் அந்த மிளகை இடித்தால் அடுத்த தெருவுக்குத் தும்மல் வரும்.

முதியோர் பென்ஷன் மனு எழுதுவது, அம்பையிலிருந்து மாத்திரை வாங்கி மேலே போகிற ஆளிடம் கொடுத்துவிடுவது எல்லாம் இதே பெஞ்சில்தான். "பெரிய வள்ளல்தான் போங்க" என்றேன் ஒருநாள். முகம் சுண்டிவிட்டது. "வள்ளலும் இல்ல, வெங்காயமும் இல்ல அண்ணாச்சி. யாவாரம்."

குறையும் உண்டு. ஆடியில் வாங்கின தேன் பாட்டில் பஸ்ஸிலேயே மூடி தெறித்து, பக்கத்தில் இருந்தவர் வேட்டியெல்லாம் பிசுபிசுப்பு. அவர் என்னைத் திட்டினது இங்கே எழுத முடியாது. மழைக்காலத் தேனில் தண்ணீர்ச் சத்து கூடுதல், புளித்துப் பொங்கும். அதை வாங்கும்போதே சொல்லியிருக்கணும் இல்லையா? மறுமாசம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் வேறு பாட்டில் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும் "மழைத்தேன், சட்டுனு காலி பண்ணவும்" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது.

போகிறவர்கள் ரொக்கமாகக் கொண்டுபோங்கள், போனில் பணம் அனுப்ப சிக்னல் கிடைக்காது. துணிப்பை வேண்டும், பாபநாசம் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், சரக்கெடுக்க அம்பைக்கு இறங்கிவிடுவார், கடை பூட்டிக் கிடக்கும்.