உருளைத் தறியா, ஜாக் தறியா?

ஒரு மாத இடைவெளியில் இரண்டு பழைய தறிகள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு விழுதுச் சட்டங்கள் (நீளவாட்டு நூலான பாவின் இழைகள் கோத்த கண்களைத் தாங்கி ஏறி இறங்குபவை), அவற்றை அசைக்கக் காலால் மிதிக்கும் ஆறு மிதிகட்டைகள். நானும் அக்காவும் ஒரு தச்சரும் சேர்ந்து அவற்றை நிமிர்த்தினோம்.

ஒன்று கவுண்டர்பேலன்ஸ் எனப்படும் உருளைத் தறி. அதில் சட்டங்கள் மேலுள்ள உருளைகளிலிருந்து இணை இணையாகக் கயிற்றில் தொங்கும்; ஒன்றை மிதித்து இறக்கினால் அதன் இணை தானாக ஏறும். தமிழ்நாட்டுக் குழித்தறியில் இரண்டு விழுதுகள் ஏறி இறங்குவதும் இப்படித்தான். மற்றது ஜாக் தறி. மிதித்த சட்டம் மட்டும் எழும்பும். மற்றவை தம் எடையாலேயே கீழே நிற்கும்.

எதுவானாலும் முதல் வேலை மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் தறி கோணியிருக்கிறது. அப்படியே பாவு ஏற்றினால் ஒரு ஓரம் இறுகி மறு ஓரம் தொய்யும். அச்சில், அதாவது பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் உலோகச் சீப்பில், துரு இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, முதல் ஒரு முழத்தைக் கழிவு நூலில் நெய்ய வேண்டும்.

உருளைத் தறிக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. முன்மரத்திலிருந்து பின்மரத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, விழுதின் கண்கள் அந்த நூலின் மட்டத்துக்கு வரும்வரை கயிறுகளைக் கூட்டிக் குறைத்தோம். ஆனால் பழைய பருத்திக் கயிறு ஒரே மழை வாரத்தில் மட்டத்தை மாற்றிவிட்டது. நைலான் இழுபடும், வேண்டாம். பின்னிய பாலியஸ்டர் கயிறு போட்டபின் ஐந்து மாதமாக அசையவில்லை.

ஜாக் தறி மூன்று வாரம் அலைக்கழித்தது. உருளைத் தறியின் கணக்கையே இதற்கும் போட்டதுதான் காரணம். கண்கள் நூல் மட்டத்தில் இருந்ததால் எழும்பிய இழைகள் விறைத்தன, கீழே நின்றவை தளர்ந்து மிதந்தன, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா அவற்றுக்கு அடியில் புகுந்தது. ஜாக் தறியில் ஓய்வுநிலைப் பாவு நேர்கோட்டில் இருக்கக் கூடாது. நடுவில் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏறும் இழைக்கும் நிற்கும் இழைக்கும் இறுக்கம் ஒத்துவரும். சட்டங்கள் உட்காரும் கட்டையைச் சீவி, கண்களை ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறக்கியபின் திறப்பு, அதாவது ஏறிய இழைக்கும் நிற்கும் இழைக்கும் நடுவே நாடா போகும் இடைவெளி, தெளிந்தது. உடைந்திருந்த மிதிகட்டைக்குப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் போட்டிருந்தோம், வண்டு துளைத்துவிட்டது. பால்மரத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நாங்கள் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது மெராந்தி மரம் போட்டிருக்கிறோம்.

மூன்றாவது வகையான கவுண்டர்மார்ச் தறியையும் சிலர் சொல்வார்கள். அதில் ஒவ்வொரு மிதிகட்டையையும் எல்லாச் சட்டங்களோடும், ஏறவோ இறங்கவோ, கட்ட வேண்டும். நான்குக்கு ஆறு என்றால் 24 கட்டு. முதல் தறியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துண்டு, போர்வை, வெற்று நெசவு, இரண்டுக்கு இரண்டு ட்வில் (இரண்டு சட்டம் ஏற, இரண்டு இறங்கும் சாய்கோட்டு நெசவு) ஆகியவற்றுக்கு உருளைத் தறியையே வாங்குங்கள். மிதிக்க இலகு, திறப்பு தெளிவு, பழுதுக்குக் கயிறும் மரமும் போதும். ஒன்றைத் தூக்கி மூன்றை இறக்கும் நெசவில்தான் அது தடுமாறும், திறப்பு சுருங்கிவிடும். அக்காவுக்கு அந்த நெசவில் மேசை விரிப்பு நெய்யத்தான் ஆசை. அதனால் ஜாக் தறி அவர் வீட்டுக்குப் போகிறது. உருளைத் தறியில் நான் அடுத்த பாவை ஏற்றத் தொடங்கிவிட்டேன்.