டெல்லிங் லைஸ்: பாதிப் பேச்சு கேட்கும் ஆட்டம்

கல்லூரிக் காலத்தில் திண்டுக்கல்லில் மாமாவின் எஸ்.டி.டி. பூத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். இரவில் கட்டணம் குறைகிற நேரத்தில்தான் கூட்டம் வரும். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. ‘உம்... சாப்ட்டேன்... இல்ல, அவ வரல’ என்று பாதிப் பேச்சு காதில் விழும். மறுமுனையில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நானே நிரப்பிக்கொள்வேன். அந்தக் கெட்ட பழக்கத்துக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு வீடியோ கேம் தீனி போட்டிருக்கிறது.

சாம் பார்லோ இயக்கிய ‘டெல்லிங் லைஸ்’ 2019 ஆகஸ்டில் வந்தது. அக்கா மகன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். ஓடுவது, சுடுவது எதுவும் இல்லை. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விடமிருந்து திருடிய ஹார்ட் டிஸ்க், அதில் நிஜ நடிகர்கள் நடித்த வீடியோக்கள். ஒரு சொல்லை அடித்தால், அது பேசப்படும் வீடியோக்களில் தேதிப்படி முதல் ஐந்து மட்டும் திறக்கும். நமக்காக முதலில் அடித்து வைத்திருக்கும் சொல் ‘லவ்’.

வீடியோ அழைப்புகள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து கிடப்பதுதான் விசேஷம். ஒரு பக்கம் மட்டும் கேட்கும். இன்னொரு பக்கம் வேண்டுமா, அங்கே இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துத் தேட வேண்டும். அட, இது நம்ம பூத் வேலையாச்சே! ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, பொதுவான சொற்களை விட்டுவிட்டு, ஆள் பெயரும் ஊர்ப் பெயருமாக எழுத ஆரம்பித்தேன். மூன்று ராத்திரி போனது.

நடுவில் நிற்பவன் டேவிட் (லோகன் மார்ஷல்-கிரீன்). வீட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி எம்மா, சின்ன மகள். வெளியே சூழலியல் போராட்டக் குழுவில் இருக்கும் ஏவா. கேமரா முன் காசுக்குப் பேசும் மேக்ஸ் என்ற பெண் இன்னொரு பக்கம். டேவிட், வேறு பெயரில் அந்தப் போராட்டக் குழுவுக்குள் நுழைந்த எஃப்.பி.ஐ. ஆள். சீக்கிரமே பிடிபட்டுவிடும் விஷயம்தான் என்பதால் சொல்லிவிட்டேன். கற்பனை என்று தள்ளவும் முடியாது. பிரிட்டனில் போலீஸ்காரர்கள் இப்படிப் பொய்ப்பெயரில் போராட்டக் குழுக்களுக்குள் போய், அங்கிருந்த பெண்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். 2015-இல் லண்டன் போலீஸ் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது.

டேவிட் பொய் சொல்லும்போதுகூட எனக்கு அவ்வளவாகக் கோபம் வரவில்லை. எதிரே இருப்பவர் பேச, அவன் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் நிமிடங்கள் இருக்கின்றனவே, அங்கேதான் வயிற்றைப் பிசைந்தது. தலையை ஆட்டுவான், கண் கலங்குவான். ‘என்னை இப்படி யாருமே கேட்டதில்லை’ என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். மறுபாதியைத் தேடி எடுத்தால், அவள் தன் பயத்தையெல்லாம் அவனிடம் கொட்டிக்கொண்டிருப்பாள். கேட்டதை என்ன செய்யப்போகிறான் என்று நமக்கு மட்டும் தெரியும். எம்மாவாக வரும் கெரி பிஷே, அவனுடைய பதிலுக்காகக் காத்திருக்கும் சில நொடிகளில் முகத்தாலேயே சண்டை போடுகிறார். நடிப்பில் என் ஓட்டு அவருக்கே.

எரிச்சலும் உண்டு. தேடிய சொல் வரும் இடத்திலிருந்துதான் வீடியோ ஓடும். ஆரம்பத்துக்கு ஒரே தாவலில் போக வழியில்லை, பழைய கேசட் மாதிரி பின்னால் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில வீடியோக்கள் ஏழெட்டு நிமிடம். அதில் பாதி வெறும் மௌனம். இரண்டாம் ராத்திரி ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் சீட்டு விளையாட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சு முழுக்க ஆங்கிலம். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், தேட வேண்டிய சொல்லை எழுத்துக்கூட்டி அடிக்கவும் அது உதவும். விசைப்பலகை இருக்கும் கருவி நல்லது. மேக்ஸின் காட்சிகள் வரும் என்பதால் பிள்ளைகள் தூங்கிய பிறகு திறங்கள், ஹெட்போன் கட்டாயம். நான் முதல் நாள் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அடுத்த அறையிலிருந்து மனைவி, ‘யாருங்க அது, இந்நேரத்துல யாருகூடப் பேசுறீங்க?’ என்றாள். அவளுக்கும் பாதிதான் கேட்டிருக்கிறது.