ஆட்டமா, ஆமையா? பார்படோஸில் படகு ஏறும் முன்

கரீபியன் தீவான பார்படோஸ் போன ஒரே வாரத்தில் மூன்று படகு ஏறினோம். அப்படித் திட்டம் போட்டுப் போகவில்லை. முதல் படகில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அவர்களைச் சமாதானப்படுத்த இரண்டாவது. மூன்றாவது, கரையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்து கூப்பிட்டார் என்று ஏறியது.

டொரண்டோவிலிருந்து ஐந்து மணி நேரத்துச் சொச்சம் விமானம். ஆறு பேர் போனோம், ஆறு பேருக்கும் வேறு வேறு ஆசை. மைத்துனனுக்குப் பாட்டும் ரம்மும் வேண்டும். ஒன்பது வயது மகளுக்கும் பன்னிரண்டு வயது மகனுக்கும் ஆமை. அத்தைக்கு உட்கார நிழலும் சைவச் சாப்பாடும். எனக்கு மூழ்கிய கப்பலைப் பார்க்க வேண்டும். என் மனைவிக்கு, நாங்கள் ஐந்து பேரும் சண்டை போடாமல் இருந்தால் போதும்.

ஓட்டல் வரவேற்பறையில் விளம்பர அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எதை எடுத்தாலும் நீலத் தண்ணீர், ஆமை, கையில் கோப்பையோடு சிரிக்கும் ஒரு ஜோடி. எல்லாவற்றிலும் ஸ்நார்கெலிங் (மாஸ்க் மாட்டி, குழாயில் மூச்சு விட்டபடி குப்புற மிதந்து கடலுக்குள் பார்ப்பது) உண்டு, சாப்பாடு உண்டு, குடிக்க வேண்டிய மட்டும் உண்டு. அட்டையை வைத்து ஒன்றும் தெரியாது. படகில் எத்தனை பேர், தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், பார் எப்போது திறக்கிறது: இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேட்டால்தான் வித்தியாசம் வெளியே வரும். நாங்கள் முதல் தடவை கேட்கவில்லை.

கடல் விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பார்படோஸ் 34 கிலோமீட்டர் நீளம், 23 கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான் தீவே. காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து அடிக்கிறது. கிழக்குக் கரையில் பாத்ஷீபா பக்கம் அட்லாண்டிக் பாறையில் மோதி நுரைக்கும்போது, மேற்குக் கரை தீவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து அமைதியாக இருக்கும். அதனால் எந்தப் படகானாலும் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் புறப்பட்டு மேற்குக் கரையை ஒட்டியே போகும். கார்லைல் வளைகுடாவில் கப்பல் பார்ப்பது, ஹோல்டவுன் பக்கம் ஆமை பார்ப்பது, திரும்புவது. ஆகவே கடலை ஒப்பிட்டுப் பயனில்லை, படகைத்தான் ஒப்பிட வேண்டும். கம்பெனி பெயர்களையும் நான் சொல்லப் போவதில்லை. படகும் ஆட்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள், வகை மட்டும் மாறாது.

பெரிய பார்ட்டிக் கப்பல்

இது மைத்துனன் தேர்வு. கடற்கொள்ளையர் கப்பல் மாதிரி ஜோடித்த மரக்கப்பல், மேலே ஸ்பீக்கர், நடுவில் ஆடுகளம். கயிற்றில் ஊஞ்சலாடித் தண்ணீரில் குதிக்கலாம், பலகையில் நடக்க வைத்துத் தள்ளிவிடுவார்கள். சோக்கா என்ற கரீபியன் ஆட்டப் பாட்டு தொடங்கிப் பத்து நிமிடத்தில் முன்பின் தெரியாத ஐம்பது பேர் ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. கல்யாண வீட்டு ஆட்டம் தோற்றது. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு.

குறை தண்ணீரில் இறங்கும்போதுதான் தெரிந்தது. புறப்பட்ட கையோடு பாரைத் திறந்துவிட்டார்கள். ரம் பஞ்ச் என்ற கலவைப் பானத்துக்கு அந்த ஊரில் ஒரு கணக்கு உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நான்கு. மேலே ஜாதிக்காய்த் தூள். எலுமிச்சை ஜூஸ் மாதிரி இறங்கும், அந்த மூன்று பங்கு உள்ளே போன பிறகுதான் வேலையைக் காட்டும். ஒரு மணி நேரம் கழித்து நங்கூரம் போட்டு, பெரிய பிளாஸ்டிக் பெட்டி நிறைய மாஸ்க்கைக் கொட்டி, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். பாதிக்கு வார் இழுபட்டுப் போயிருந்தது. குழந்தைகள் அளவில் இரண்டே இரண்டு. தள்ளாடிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் குதித்தால், எந்த ஆமை அங்கே நிற்கும்? இருபது நிமிடத்தில் விசில் ஊதிவிட்டார்கள். என் மகள் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் கால்கள்.

குடித்துவிட்டு ஸ்நார்கெல் போடுவது விளையாட்டில்லை. குழாய் வாயில் இருக்கும்போது குமட்டினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மூச்சு வாங்குவதும், கரையை விட்டு விலகிப் போவதும் போதையில் உறைக்காது. பார் திறக்கும் நேரத்தை நான் முக்கியமான கேள்வியாக வைப்பது இதனால்தான். நல்ல படகுகளில் கடைசி நீச்சல் முடிந்த பிறகுதான் ரம் வெளியே வரும், அதுவரை ஜூஸும் தண்ணீரும். "புறப்பட்டதுமே தாராளமாகக் குடிக்கலாம்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்தப் படகில் ஆடலாம், நீந்த வேண்டாம்.

கேட்டமரான்

பேர் நம்முடையது. கட்டுமரம்தான் ஐரோப்பியர் வாயில் நுழைந்து கேட்டமரான் ஆனது. ஆனால் பேரைத் தவிர சொந்தம் குறைவு. நம்முடையது மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, இது இரண்டு ஓடம் போன்ற உடல்களுக்கு நடுவே தளம் போட்டது. அதிகம் உருளாது, அத்தை மாதிரி வாந்திக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். இரண்டு உடல்களுக்கும் முன்பக்கம் வலை கட்டியிருப்பார்கள். அதில் படுத்தால் அலை முதுகுக்குக் கீழே ஓடுகிறது. பிள்ளைகள் திரும்பும்வரை அங்கிருந்து எழவில்லை.

காலை பத்து மணி வாக்கில் ஏறினால் மூன்று மணிக்கு இறக்கிவிடுவார்கள், மதியச் சாப்பாடு உள்ளே. தலைக்கு நூறு அமெரிக்க டாலரைச் சுற்றி வரும். பார்படோஸ் டாலரில் சொன்னால் அதன் இரண்டு மடங்கு. இரண்டு உள்ளூர் டாலர் ஒரு அமெரிக்க டாலர், இது 1975-லிருந்து அப்படியே நிற்கிறது. விலை கேட்கும்போது எந்த டாலர் என்று கேட்டுவிடுங்கள், நான் ஒரு நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கேட்டமரானிலும் இரண்டு ஜாதி. அறுபது எழுபது பேர் ஏறும் பெரியது, பன்னிரண்டிலிருந்து இருபது பேர் ஏறும் சின்னது. பெரியது கிட்டத்தட்ட பார்ட்டிக் கப்பலுக்குத் தம்பி. பாட்டு கொஞ்சம் மெல்ல, கூட்டம் கொஞ்சம் குறைவு, நிழல் நிறைய. சின்னதில் நிழலுக்கு இடம் பிடிக்க வேண்டும், விலையும் கூட. ஆனால் ஏறினவுடன் ஒரு பையன் ஒவ்வொருவர் முகத்திலும் மாஸ்க்கை வைத்து, வார் போடாமலே மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லி, ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தான். எனக்கு நிற்கவில்லை. மைத்துனனுக்கும் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் மீசை. மயிர் வழியாகத் தண்ணீர் கசியுமாம். அவன் சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவிலிருந்து வழவழப்பான எதையோ எடுத்து எங்கள் மீசையில் தடவி, நீவி, ஒட்ட வைத்தான். முதல் நாள் கப்பலில் ஏன் மூக்கு முழுக்க உப்புத் தண்ணீர் ஏறியது என்று அப்போதுதான் விளங்கியது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஊதும் மேலாடை, மிதக்கும் ஸ்பாஞ்ச் குழல் எல்லாம் கொடுத்து, ஒரு ஆள் கூடவே தண்ணீரில் இறங்கினார். ஆறேழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். கடற்புல் மேல் ஒரு பேராமை மேய்ந்துகொண்டிருந்தது, மாடு புல் கடிப்பது போலத் தலையை வெட்டி வெட்டி. பிறகு அவசரமே இல்லாமல் மேலே வந்து, அவள் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் தலையை நீட்டி, 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டு, மறுபடி இறங்கியது. அவள் குழாயைத் துப்பிவிட்டு, "அப்பா, அதுவும் மூச்சு விடுது!" என்று கத்தினாள்.

மொத்தம் இரண்டு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீரில்.

ஆமை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பார்படோஸில் ஆமை பிடிப்பதை 1998-இல் தடை செய்தார்கள், அதற்குப் பிறகுதான் இத்தனை ஆமை. சில படகுக்காரர்கள் மீன் துண்டைப் போட்டு அவற்றைக் கூப்பிடுகிறார்கள். ஆமை நிச்சயம் வரும், படமும் நன்றாக விழும். ஆனால் புல் மேய வேண்டிய ஆமை படகு சத்தம் கேட்டால் ஓடி வரப் பழகிவிடுகிறது, அப்புறம் இஞ்சின் விசிறியில் அடிபடுகிறது. தீனி போடாத படகு எது என்று கேளுங்கள். அந்தப் படகில் ஒரு நாள் ஆமை வராமலும் போகலாம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

சாப்பாடு பற்றி அத்தை சார்பில் இரண்டு வார்த்தை. சீஸ் போட்டுச் சுட்ட மெக்கரோனி பை கிடைக்கும், வறுத்த வாழைப்பழம் கிடைக்கும், இரண்டையும் சைவர்கள் சாப்பிடலாம். அப்புறம் அரிசியும் பட்டாணியும் என்று ஒன்று வைப்பார்கள். அதில் இருப்பது பட்டாணி இல்லை, நம் துவரையேதான். அத்தைக்கு முகம் மலர்ந்தது. ஆனால் ருசிக்காக அதில் உப்புக்கண்டம் போட்ட பன்றியிறைச்சித் துண்டு சேர்ப்பது அங்கே வழக்கம். "மாப்பிள்ளை, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். கேட்டேன், போட்டிருந்தார்கள். முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தால் தனியாகச் செய்து தந்திருப்பார்களாம்.

கரைப் படகு

கடைசி நாள் கார்லைல் வளைகுடா மணலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளூர்க்காரர் ஒருவர் அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகோடு வந்து பேரம் பேசினார். ஒரு மணி நேரம், எங்கள் குடும்பம் மட்டும். பாட்டு கிடையாது, சாப்பாடு கிடையாது, தலைக்குப் பார்த்தால் கேட்டமரான் விலையில் கால்வாசி கூட இல்லை. அத்தை படகை விட்டு இறங்காமலே குனிந்து மீன் பார்த்தார். பல்லால் பாறையைக் கொறிக்கும் கிளிமீன், மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட குட்டி மீன் கூட்டம்.

கப்பல் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வளைகுடாவுக்குள் பல கப்பல்கள் கிடக்கின்றன. 1919-இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப்படகு ஆழம் குறைந்த இடத்தில், உடம்பெல்லாம் பவளம் பூத்துக் கிடக்கிறது. மேலே மிதந்தபடியே முழுசாகப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது பஜன் குயின் ('பஜன்' என்றால் பார்படோஸ்காரர், நம் பஜனை இல்லை). அதுவும் முதலில் இழுவைப்படகு, பிறகு பல வருடம் பார்ட்டிப் படகு. வயதானதும் 2002-இல் மீன்களுக்கு வீடாகட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அதன் மேல்தளம் நீர்மட்டத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. அதற்கு மேல் நான் மிதந்துகொண்டிருந்தபோது எங்கிருந்தோ 'டம் டம்' என்று தண்ணீர் வழியாக ஒரு அதிர்வு. தலையைத் தூக்கிப் பார்த்தால், தூரத்தில் அதே கொள்ளையர் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கும் குறை உண்டு. உரிமம் இருக்கிறதா, உயிர்காப்பு மேலாடை இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். ஜெட்ஸ்கிகள் குறுக்கே பாயும், ஆகையால் படகை விட்டு விலகக் கூடாது. கரையிலிருந்து தானாக நீந்திப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு நான் அதைச் செய்ய மாட்டேன்.

சரி, எதைப் பிடிப்பது? நண்பர்கள் மட்டும் போகிறீர்கள், ஆமை வந்தாலும் வராவிட்டாலும் கவலை இல்லை என்றால் பெரிய கப்பல், அதுவும் ராத்திரிப் பயணம். அதில் ஸ்நார்கெலிங் இருக்காது, ஏமாற்றமும் இருக்காது. பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பம் என்றால் யோசிக்காமல் சின்னக் கேட்டமரான். பணம் இடித்தால், காலையில் கரைப் படகு, மாலையில் மலிவான பார்ட்டிக் கப்பல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே ஒரு கேட்டமரான் டிக்கெட்டைத் தாண்டாது. பெரிய கேட்டமரானை மட்டும் என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை. ஆட்டமும் அரைகுறை, ஆமையும் அரைகுறை.

நாளைப் பார்த்துப் பதிவு செய்வதும் முக்கியம். துறைமுகத்தில் மூன்று நான்கு சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் ஆமை இடத்தில் திருவிழாக் கூட்டம். எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற பட்டியல் இணையத்திலேயே கிடைக்கும், கப்பல் குறைந்த நாளை எடுங்கள். ஆகஸ்ட் முதல் திங்களோடு முடியும் கிராப் ஓவர் திருவிழாச் சமயத்தில் எல்லாப் படகுமே பார்ட்டிப் படகுதான். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூன் 29 அன்று இந்தத் தீவின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் டி20 உலகக் கோப்பையைத் தூக்கிய நம் இந்திய கிரிக்கெட் அணி, பெரில் புயலால் விமானம் கிடைக்காமல் ஓட்டலிலேயே அடைந்து கிடந்தது நினைவிருக்கும். அந்தப் புயலில்தான் தீவின் மீன்பிடிப் படகுகள் ஏராளமாக நொறுங்கின. குளிர்காலத்தில் புயல் இல்லை, ஆனால் வடக்கிலிருந்து பெரிய அலை உருண்டு வந்தால் மேற்குக் கரைத் தண்ணீரும் கலங்கிவிடும். புறப்படும் அன்று காலையில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

முழுக்கை நீச்சல் சட்டை எடுத்துப் போங்கள். குப்புற மிதக்கும்போது வெயில் முழுக்க முதுகில்தான். பட்டாளத்து உடை மாதிரி புள்ளி போட்ட துணி எதையும் கொண்டுபோக வேண்டாம், அந்த ஊரில் பொதுமக்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்து.

அடுத்த வருடமும் போவதாகப் பேச்சு. சின்னக் கேட்டமரானுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டோம், சைவச் சாப்பாடு உட்பட. மீசையை எடுத்துவிடு என்று மைத்துனனிடம் சொன்னேன். "அதுக்கு நான் ராத்திரிக் கப்பல்லயே போய்க்கிறேன் மாமா" என்றான்.