டைமிங் பெல்ட்டா, டைமிங் செயினா?

என்ஜினில் பிஸ்டன்களின் அசைவால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வால்வுகள் திறந்து மூடும். இந்த இரண்டையும் இணைப்பது பெல்ட் அல்லது செயின். பழைய மாருதி 800இல் பெல்ட். பின்னர் வந்த மாருதியின் கே10 என்ஜினில் செயின்.

பெல்ட் ரப்பரால் ஆனது, உள்ளே வலுவூட்டும் இழைகள் உண்டு. எடை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ஆயில் கசிந்து பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்துவிடும். பல என்ஜின்களில் அந்த நொடியே பிஸ்டன் மேலேறி, திறந்திருக்கும் வால்வுகளை வளைத்துவிடும். ஆகவே கையேடு சொல்லும் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட் சுழற்றினால், அதையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. இல்லையென்றால் கூலி இருமுறை.

செயின் என்ஜினுக்குள் ஆயிலில் நனைந்தபடி ஓடும் உலோகம். மாற்றும் கெடு பொதுவாக இல்லை. தேய்ந்து நீண்டால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கடகடவென்ற சத்தம் கேட்கும். அந்த எச்சரிக்கைக்காகவே நான் செயினைத்தான் விரும்புகிறேன். பல என்ஜின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுபவருக்குச் செயினும் உழைக்காது. மாற்ற நேர்ந்தால் என்ஜினின் முன்மூடியைக் கழற்ற வேண்டும், செலவும் கூடும்.