ஹெரால்டு வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

விற்பவர்கள் விலையைக் குறைத்துவிட்டார்களாம், மன்னார்குடித் தம்பி ஒருத்தர் "அண்ணே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் மெட்ராஸில் தயாரான பழைய கார், எஞ்சின் 948 சிசி என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கிளட்ச் கதைதான் தெரியாது.

எஞ்சின் வேலை முடிந்து எல்லாவற்றையும் மாட்டிய பிறகு என் வண்டியில் எஞ்சின் ஓடாதபோது எல்லா கியரும் விழும், ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டால் பல் நறநறக்கும். பட்டறையில் உடனே, "கிளட்ச் பிளேட் போச்சு சார், கியர்பாக்ஸைக் கழட்டணும்" என்றார்கள். ஹெரால்டில் அது லேசான வேலையா? சீட்டைக் கழற்றி, நடு கவரை எடுத்து, காருக்குள்ளிருந்தே தூக்க வேண்டும். தூக்கினார்கள். பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. கூலி மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் கும்பகோணம் பக்கம் டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வந்தார். ஸ்பேனரைத் தொடவே இல்லை. என் பையனைக் கிளட்ச் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளிவிடும் சின்ன சிலிண்டர்) வரும் புஷ் ராடையே குனிந்து பார்த்தார். பெடல் அடிவரை போகிறது, ராடு அசைவேனா என்கிறது. "பிளேட்டை ஏன் திட்டுறீங்க, தள்ளினாத்தானே அது விடும்?" சிலிண்டரை கிளாம்பில் புரட்டி மாட்டியிருந்தார்கள், ஏர் எடுக்கும் நிப்பிள், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடும் திருகு, அடியில் கிடந்தது. காற்று மேலேதானே நிற்கும், எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றி எடுத்தாலும் வராது. நிப்பிளை மேலே திருப்பி ஏர் எடுத்தார், நுரை நுரையாக வந்தது, பெடல் கெட்டியாகிவிட்டது.

ராடு முழுசாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம். கியர்பாக்ஸை மாட்டும்போது போல்ட் இறுகுமுன் அதன் பாரத்தை ஷாஃப்டில் தொங்கவிட்டு பிளேட்டை வளைத்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடாமல் நின்ற வண்டி என்றால் பிளேட் துருப்பிடித்து எஞ்சினின் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு அது சகஜம்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். கும்பகோணத்துச் சந்துகளில் இப்போதைய கார்கள் முன்னும் பின்னும் போய்த் திணறும் இடத்தில் இது ஒரே வெட்டில் திரும்பும். பானெட் முழுசாக முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இந்த சுகம் எனக்கு வேறு எந்த வண்டியிலும் கிடைத்ததில்லை.

ஆனாலும் தம்பி, வாங்காதே. இதைத் தெரிந்த கை இந்தப் பக்கம் அந்தப் பெரியவர் ஒருவர்தான், மேட்டூரைத் திறந்துவிட்டால் அவரும் டிராக்டரை விட்டு வரமாட்டார்.