மூன்று முறையும் 4/5

பாரிஸிலிருந்து வந்த மூன்றாம் நாளே, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அண்ணனை அழைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அவருக்கு இயக்க நரம்பணு நோய்; தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். டோக்கன் வாங்கிக் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைக் கொதிக்க வைத்தது கோப்பிலிருந்த ஓர் எண். ஜனவரியில் வலக் கை பலம் 4/5, ஏப்ரலில் 4/5. இம்முறையும் மருத்துவர் தம் இரு விரல்களை அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, "இறுக்குங்க" என்று சொல்லி, ஐந்தே நொடியில் அதே 4/5-ஐ எழுதினார். ஜனவரியில் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டவர், இப்போது வீட்டுப் பூட்டைத் திறக்க இடக் கையைத் துணைக்கு அழைக்கிறார். புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் அசைக்க முடிந்தால் 3, இயல்பான பலத்துக்கு 5 என்று வைத்துக்கொண்டு, இடைப்பட்ட அத்தனையையும் 4 என்ற ஒரே மூட்டையில் கட்டினால் தேய்மானம் எப்படித் தெரியும்? பிரான்சில் இதே நோயுள்ள என் சக ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூச்சின் கொள்ளளவைப் பார்க்கிறார்கள். பேச்சு, விழுங்குதல், நடை என 12 கேள்விகள் கேட்டு 48-க்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

தசையில் ஊசி செலுத்தி அதன் மின் அலைகளைப் பார்த்த இளம்பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். திரையில் அலைகள் உயரமாகவும் அகலமாகவும் எழுந்தன. நரம்பிழந்த தசை இழைகளுக்கு, மிஞ்சிய நரம்புகள் புதுக் கிளை விட்டிருப்பதன் அடையாளம் அது என்றார். "அப்போ நரம்பு வளருதா, தம்பி?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. அந்தப் பெண்தான், "கிளை விடுது ஐயா, ஆனா செத்த நரம்பு திரும்பாது, இருக்கிற நரம்பு ரெண்டு ஆள் வேலை பார்க்குது" என்றார். உள்ளே நரம்புகள் குறைந்துகொண்டே போனாலும் கை சில காலம் தெம்பாகவே தோன்றுவது இதனால்தான். கைவிரலால் அழுத்திப் பார்க்கும் சோதனை ஏமாறுவதும் இங்கேதான்.

திரும்பும் வழியில், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வயதான பிசியோதெரபிஸ்ட் பீரோவிலிருந்து கைப்பிடியின் பலத்தை அளக்கும் மானியை எடுத்தார். முழங்கையை மடக்கச் சொல்லி, இடைவெளி விட்டு மும்முறை அழுத்த வைத்தார்: வலக் கையில் 14, 15, 13 கிலோ. அதிகபட்சமான 15-ஐத் தேதியோடு குறித்தார். அண்ணன் நான்காம் முறையும் கை நீட்டினார். "கை ஓய்ஞ்சிடும், அடுத்த மாசம் வாங்க" என்று அவர் கருவியை உறையில் போட்டுவிட்டார்.